கடற்பாறை உச்சியில் ஒரு மரக்குடில்: இரண்டு நாய்களுடன் தங்கியபின் ஒரு மதிப்பீடு

தங்கும் விடுதிகளின் அறிவிப்பில் ‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ என்று சேர்க்க ஒரு வரி போதும். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நாயை அவிழ்த்து விடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில்தான் தெரியவரும். பல இடங்களில் அந்த அனுமதிக்கு, நாயுடன் வந்தால் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இங்கே மதிப்பிடும் மரக்குடிலை அந்த ரகத்தில் சேர்க்க முடியாது. கட்டியவர் நாய் வளர்த்துப் பழகியவர் என்பதை அதன் பல மூலைகளில் காண முடிகிறது. ஆயினும் குடில் நிற்பது கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறையின் உச்சியில். தண்ணீர்க் கிண்ணமும் மெத்தையும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அப்படிப்பட்ட இடத்தில் வேலி சரியில்லை என்றால் மற்ற எதையும் கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே கடலின் அழகையும் படுக்கையின் மென்மையையும் பின்னுக்குத் தள்ளி, வேலியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமுன் தங்கியவர்களைப் பற்றி ஒரு சொல். எங்களுடன் வந்தவை இரண்டு நாய்கள். ஒருத்தி முப்பது கிலோ எடையுள்ள வயதான லாப்ரடார்; இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருப்பதால் படியைக் கண்டாலே ஒரு கணம் நின்றுவிடுவாள். மற்றவன் என் தங்கையின் இளநாய். வேட்டை இனக் கலப்பு என்பதால் மூக்கு போன வழியில் கால் போகும் சுபாவம். ஒருத்தி தரையையும் படிகளையும் சோதித்தாள், மற்றவன் வேலியில் உள்ள ஓட்டைகளைச் சோதித்தான். ஒரே ஒரு சாதுவான நாயை அழைத்துச் சென்றிருந்தால் இந்தக் குறிப்புகளில் பாதி என் கண்ணில் பட்டிருக்காது.

கடற்பாறையின் விளிம்பு நம்பத் தகுந்த இடமல்ல. அலைகள் அடிப்பாறையை இடைவிடாமல் அரிப்பதால், உச்சியில் உள்ள மண்ணும் புல்லும் கீழே தாங்கல் ஏதும் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுதியான புல்தரையாகவே தோன்றும். மழைநீர் விரிசல்களுக்குள் இறங்கி மண்ணின் எடையைக் கூட்டி அதன் பிடிப்பைத் தளர்த்துவதால், பெருமழைக்குப் பிந்தைய நாட்களில் சரிவுகள் நேரும் வாய்ப்பு அதிகம். இதோடு நாயின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடற்காற்று பாறைமுகத்தில் மோதி மேலே எழும்புவதால், அந்த எழுகாற்றில் இறக்கையை அசைக்காமலே கடற்காகங்கள் விளிம்புக்குச் சற்று அப்பால், நாயின் பார்வை மட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். அதைத் துரத்தக் கிளம்பும் நாய்க்குப் பறவை மட்டுமே தெரியும். தரை எங்கே முடிகிறது என்பது தெரியாது. வீட்டில் எவ்வளவுதான் சொல்பேச்சுக் கேட்கும் நாயாக இருந்தாலும், அந்த ஒரு நொடியில் நம் குரலை நம்பியிருப்பது ஆபத்து.

இந்தக் குடிலின் வேலி விளிம்பிலிருந்து இருபது அடிக்குமேல் உள்ளே தள்ளிப் போடப்பட்டிருப்பதே உரிமையாளரின் அக்கறைக்கு முதல் சான்று. காட்சியைக் கெடுத்துவிடும் என்று பயந்து விளிம்பை ஒட்டியே இரண்டு கயிறுகளைக் கட்டிவிட்டு அதை வேலி என்று அழைக்கும் இடங்கள் உண்டு. இங்கே நெஞ்சளவு உயரத்துக்கு, நாய் கால் வைத்து ஏற வாகான குறுக்குச் சட்டங்கள் இல்லாமல், நெருக்கமாகப் பற்றவைத்த கம்பிவலை செங்குத்தான மரக்கால்களில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் வலைக்கண்களின் ஊடாகக் கடல் தெரிகிறது. சிறிது நேரத்தில் கண் அந்த வலையை மறந்துவிடுகிறது. காட்சிக்காகப் பாதுகாப்பைக் குறைத்தோம் என்று யாராவது இனிமேல் சொன்னால், இந்த முற்றத்தில் வந்து ஒரு மாலை உட்காரச் சொல்வேன்.

குறை இல்லாமல் இல்லை. முற்றத்தின் தென்மேற்கு மூலையில் கூரைத் தண்ணீர் வடிந்து ஓடும் வழியில் மண் அரித்துப் போய், வலையின் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வந்து சேர்ந்த மாலையே இளநாய் அந்த இடத்தில் மூக்கை நுழைத்து, முன்கால்களால் மாறி மாறித் தோண்டி, தலையும் ஒரு தோளும் வெளியே போகும் அளவுக்கு வழி செய்துகொண்டான். பின்காலைப் பிடித்து இழுத்த என் தங்கையின் கையில் சேறும் ரோமமும் ஒட்டிக்கொண்டதோடு விஷயம் முடிந்தது. உரிமையாளருக்குச் செய்தி அனுப்பியதும் அவர் கல்லை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் விடிந்ததும் தாமே வந்தார். ஒரு முழ அகலத்துக்கு வலையை வெட்டி, வேலியின் அடியில் கட்டி, மீதியை முற்றத்தின் உட்பக்கமாகத் தரையில் மடக்கிப் பதித்து, மேலே மண்ணும் சரளையும் போட்டு மிதித்தார். நாய் எப்போதும் வேலியின் அடியை ஒட்டியே தோண்டும் என்பதால், அப்படிப் படுக்கவைத்த வலையின் மேல் அதன் நகம் பட்டதும் தோண்டுவதை விட்டுவிடும். அன்று பிற்பகல் இளநாய் அதே மூலையில் இருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். உடனே வந்து சரிசெய்ததற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் விருந்தினர் மாறும் ஒவ்வொரு முறையும் வேலியின் அடியை ஒருவர் சுற்றிப் பார்த்திருந்தால் அந்தப் பள்ளம் எங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டியதே இல்லை.

வேலியை விட எனக்குக் கவலை தந்தது வாயிற்கதவு. திறந்தால் தானாகவே மூடிக்கொள்ளும்படி சுருள்வில் கீல்கள் பொருத்தியிருக்கிறார்கள். யோசனை மிகச் சரியானது. கடலோரத்தில் காற்றோடு வரும் உப்புத்துளிகள் சாதாரண இரும்பை மட்டுமன்றி, நாம் எவர்சில்வர் என்று நம்பி வாங்கும் 304 ரக எஃகையும் பழுப்பேற்றிவிடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பதால்தான் படகுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே கீல்கள் நல்ல நிலையில் இருந்தன. கொண்டியோ துருவேறி, விரலால் அழுத்தினால் ஒழிய முழுவதுமாக உள்ளே விழவில்லை. கதவு மூடிய தோற்றத்தில் நிற்கும். லாப்ரடார் தன் உடலைச் சாய்த்ததும் திறந்துகொள்ளும். தங்கியிருந்த நாட்கள் முழுவதும் நாயின் கயிற்றில் இருந்த கொக்கி ஒன்றையே பூட்டுப்போல் மாட்டி வைத்திருந்தோம். வாயிலுக்கு வெளியே பொதுமக்கள் நடக்கும் பாறையோரப் பாதை செல்கிறது, அதற்கு அப்பால் வேலி கிடையாது என்பதை வைத்துப் பார்த்தால், முழுக் குடிலிலும் உடனே மாற்ற வேண்டிய ஒரே பொருள் அந்தச் சிறிய கொண்டிதான்.

உள்ளே வந்தால் மனம் இளகிவிடுகிறது. ஒரே கூடமும் இரண்டு படுக்கையறைகளும் கொண்ட சிறிய குடில். அடுப்பங்கரையில் தேவையானவை இருக்கின்றன, படுக்கை நன்றாக இருக்கிறது, அவற்றைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. தரையைப் பற்றித்தான் நிறையச் சொல்லலாம். மெருகேற்றிய மரத்தரை பார்க்க அழகாக இருந்தாலும் மூட்டுவலி உள்ள நாய்க்கு அது தண்டனை. நகம் பிடிக்காமல் பின்னங்கால்கள் விரிந்து விரிந்து, எழுந்து நிற்பதற்கே அஞ்சத் தொடங்கிவிடும். இந்தக் கூடத்தில் கரடுமுரடான, கழுவக்கூடிய ரப்பர் கலந்த விரிப்பை மூலைக்கு மூலை ஒட்டியிருக்கிறார்கள். லாப்ரடார் முதல் நாளிலிருந்தே தயக்கமின்றி அறைக்கு அறை நடமாடியதைப் பார்த்தபோது, படங்களில் அழகாகத் தெரியும் பளபளப்புக்கு அந்த உரிமையாளர் ஆசைப்படாதது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பின்கதவை ஒட்டிய சிறிய அறை இந்தக் குடிலின் மிகச் சிறந்த பகுதி. தரை ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்து வடிகாலில் முடிகிறது. இடுப்புயரத்தில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் கைக்குழாய். சுவரில் நாயைக் கட்டி நிறுத்த ஒரு வளையம். பழைய துவாலைகள் நிறைந்த கூடை. மேலே ஈரக் கயிறுகளையும் கழுத்துப்பட்டைகளையும் மாட்டும் ஆணிகள். கடலில் நனைந்த நாயின் ரோமத்தில் தங்கும் உப்பும் மணலும் தோலை அரிக்கச் செய்வதோடு, நாய் தன்னையே நக்கிக் கொள்ளும்போது வயிற்றுக்குள்ளும் போகின்றன. ஆகவே நல்ல தண்ணீரில் அலசிவிடுவது அவசியம். மற்ற இடங்களில் இந்த வேலைக்காக விருந்தினருக்கான குளியலறைக்குள் நாயைத் திருட்டுத்தனமாக அழைத்துப் போய், பிறகு மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தக் குற்ற உணர்வு இல்லை. அலசி முடித்த கையோடு காதுகளின் உட்புறம், விரலிடுக்குகள், வாலடி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவும் அந்த அறையின் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. உயரமான புல் வழியாகச் செல்லும் பாறையோரப் பாதையில் நடந்துவிட்டு வரும் நாய்க்கு அது தினசரி வேலை.

இரண்டு விஷயங்களை எந்த விடுதியிலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவது என் வழக்கம். விறகு அடுப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்பது ஒன்று; மணமோ நிறமோ இல்லாத அந்த வாயுவை மனிதரைப் போலவே நாயும் மோப்பத்தால் கண்டுபிடிக்க முடியாது. கருவி இருந்தது, பொத்தானை அழுத்தினால் ஒலித்தது. எலிப் பாஷாணம் எங்காவது வைத்திருக்கிறார்களா என்பது மற்றொன்று. ஆளில்லாத நாட்களில் கடலோரக் குடில்களுக்குள் எலி வருவது இயல்பு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தை நாய் தின்றுவிட்டால், அறிகுறிகள் தெரியவே சில நாட்கள் ஆகும். அதற்குள் விடுமுறை முடிந்து வீடு திரும்பியிருப்போம், காரணம் யாருக்கும் தோன்றாது. இங்கே பொறிக்கூண்டுகள் மட்டுமே வைக்கிறார்கள், மருந்து வைப்பதில்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது.

இரவுகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வலுக்கும்போது கூரையின் விளிம்பில் ஒரு மெல்லிய சீழ்க்கை கிளம்புகிறது. மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கேட்கும். நமக்கு மெல்லியதாகத் தோன்றும் ஒலி அவற்றுக்கு எப்படி இருந்ததோ, இளநாய் நெடுநேரம் கூரையையே அண்ணாந்து பார்த்துக் குரைத்தான். கடல்பக்க அறையை விட்டு உள்பக்க அறைக்கு மாறியதும் அடங்கினான். இடிக்கும் வெடிக்கும் நடுங்கும் நாய் உள்ளவர்கள் காற்றுக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

பகலில் பிரச்சினை நேர்மாறானது. பாறை உச்சியில் மரம் கிடையாது. காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வெயிலின் கடுமை நமக்கு உறைப்பதில்லை. நாய் மனிதரைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே சூட்டை வெளியேற்றுகிறது. முற்றத்து மரத்தளம் நண்பகலில் புறங்கையைச் சில நொடிகள்கூட வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அது நாயின் பாதத்துக்கும் சுடும். குடையொன்று இருக்கிறது, அதைக் காற்று நாளில் விரிக்க முடியாது. நிலையான ஒரு கூரைப்பந்தல் போட்டால்தான் இந்த முற்றம் நாள் முழுவதும் பயன்படும். தண்ணீர்க் கிண்ணமும் போதாது. நாய்க்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை தண்ணீர் தேவை என்பது பொதுவான கணக்கு. எங்கள் லாப்ரடாருக்கு அதுவே ஒன்றரை லிட்டருக்கும் மேல் வரும், கடலில் விளையாடிய நாளில் இன்னும் கூடும். அழகான அந்தப் பீங்கான் கிண்ணத்தை நாங்கள் நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

இனி கடற்கரைக்குப் போகும் வழி. அறிவிப்பில் ‘ஐந்து நிமிட நடையில் கடற்கரை’ என்று எழுதியிருக்கிறார்கள். மனிதருக்கு அது உண்மை. பாறைமுகத்தில் இறங்கும் படிக்கட்டில் மேல்பாதி மரப்படிகள், கீழ்ப்பாதி ஊடுருவித் தெரியும் இரும்புச் சட்டப் படிகள். அந்தச் சட்டங்களின் இடைவெளியில் நாயின் நகமும் விரலும் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்குக் காலடியில் அலை நுரைப்பது அப்படியே தெரியும். பாதி வழியில் லாப்ரடார் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டாள். எந்தத் தின்பண்டத்தாலும் அவளை அசைக்க முடியவில்லை. முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஒருபக்கக் கைப்பிடி மட்டும் உள்ள படியில் இறங்குவது நடக்கிற காரியமல்ல. கீழ்ப்பாதி பொதுப் படிக்கட்டு என்பதால் அதில் விரிப்பு ஒட்டும் உரிமை தமக்கு இல்லை என்கிறார் உரிமையாளர், நியாயம்தான். ஆனால் அதை அறிவிப்பில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கலாம். காரில் சுற்றிப்போனால் சரிவான மணற்பாதை வழியாக அதே கடற்கரையின் மறுமுனைக்கு இறங்கலாம் என்பதும் எங்களுக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. வயதான நாயுடனும் கனமான நாயுடனும் வருபவர்கள் அந்தப் பாதையையே கணக்கில் வைத்துக்கொண்டு முன்பதிவு செய்ய வேண்டும்.

கீழே இரண்டு பாறை மூக்குகளுக்கு நடுவே உள்ள கடற்கரை, கடல் வற்றும் நேரத்தில் அகலமான மணல்வெளி. ஏறும் நேரத்தில் தண்ணீர் பாறையின் அடியையே தொட்டுவிடுகிறது. கதவுக்கு அருகில் ஓத அட்டவணையைத் தொங்கவிட்டிருப்பது பாராட்டத்தக்கது. அங்கே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆவதால், நேற்றைய நேரத்தை இன்று நம்பினால் ஐம்பது நிமிடம் பிசகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மேலும் உயரும். பந்தை எறிந்துகொண்டே மறுமூக்கைத் தாண்டிப் போய்விட்டவர்களுக்குத் திரும்பும் வழி தண்ணீருக்குள் போயிருக்கும்.

அந்த அட்டவணையின் கீழே நாய்களுக்கான எச்சரிக்கைகளும் உண்டு. ஆனால் தூண்டில் முட்களைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார்கள். இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறிமீனின் கொட்டும் செல்கள் செத்த பிறகும் வேலை செய்யும். ஒதுங்கிய பேத்தை மீனை நாய் கடித்தால் உயிருக்கே ஆபத்து. அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புள்ள கடல்நீரைத் தாகத்துக்காகவோ பந்தோடு சேர்த்தோ தொடர்ந்து விழுங்கும் நாய்க்கு வாந்தியும் பேதியும் வரும். அளவு மீறினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். குடிநீரைக் கையோடு எடுத்துச் சென்று இடையிடையே கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம்.

விதிமுறைத் தாள் ஒரே பக்கம்தான். கண்ணியமான மொழியில் இருக்கிறது. கட்டிலில் நாய் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டு, ஏறத்தான் செய்யும் என்று தெரிந்து, விரிக்க ஒரு தனிப் போர்வையையும் அலமாரியில் வைத்திருப்பவரிடம் எனக்கு மரியாதை பிறந்தது. நாயைக் குடிலில் தனியே விட்டுச் செல்லக்கூடாது என்ற விதியைச் சிலர் கெடுபிடியாக நினைக்கலாம். பழக்கமில்லாத இடத்தில் தனியே அடைபட்ட நாய் கதவைப் பிறாண்டும், ஊளையிடும், சன்னல் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். பாறை உச்சியில் அதன் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நாய்க்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கழுவும் அறையைப் பார்த்த பிறகு அதை மனம் கோணாமல் கொடுத்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய கால்நடை மருத்துவமனையின் எண் குளிர்பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது; கைபேசி அலைவரிசை முற்றத்தின் ஒரு மூலையில் மட்டுமே கிடைக்கிறது என்ற தகவலையும் அதே தாளில் சேர்த்திருந்தால் முழுமையாக இருந்திருக்கும்.

எந்தக் காலத்தில் போவது என்று கேட்டால், கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களைத் தவிர்க்கச் சொல்வேன். பாறையோரப் புல்லில் முட்டையிடும் பறவை நாயைக் கண்டு எழுந்து பறந்துவிட்டால், முட்டை குளிர்ந்துபோகும் அல்லது வேறு பறவை கொத்திப் போகும். அம்மாதங்களில் நாயை முற்றத்துக்கு வெளியே கயிற்றிலிருந்து அவிழ்க்கவே கூடாது என்பதால், ஓடி விளையாடப் பழகிய நாய்க்கு அது வெறும் கட்டுக்காவலாகிவிடும். சுறுசுறுப்பான நடுத்தர எடையுள்ள நாய்க்கு இந்தக் குடில் ஏறக்குறைய குறையற்றது. மூட்டு நோயுள்ள நாய்க்கு உள்ளே சொர்க்கம், வெளியே படிக்கட்டு மட்டும் தடை. வேலியைத் தாண்டிக் குதித்துப் பழகிய நாயை மட்டும் பாறை உச்சியில் உள்ள எந்த இடத்துக்கும், இதற்கும்கூட, அழைத்துவர வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். கொண்டி, பந்தல், படிக்கட்டைப் பற்றிய வரி ஆகிய மூன்றையும் உரிமையாளருக்கு எழுதி அனுப்பினேன். படிக்கட்டைப் பற்றிய வரி அறிவிப்பில் அன்றே ஏறிவிட்டது. படகுக்கடையில் விற்கும் 316 ரகக் கொண்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், பந்தலுக்கு அடுத்த ஆண்டுவரை பொறுக்க வேண்டும் என்றும் பதில் எழுதியிருக்கிறார். கொண்டி வந்து சேரும்வரை அங்கே போகிறவர்கள் ஒரு கொக்கியைக் கையோடு எடுத்துச் செல்லவும்.